பாதி விலைக் கிரிப்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் உன் கேனான் 80டி-க்கு பேட்டரி கிரிப் வாங்கப் போகிறாயாம், பாதி விலைக்கும் குறைவாக ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாம். அக்கா சொன்னாள். காசு உன்னுடையது, முடிவும் உன்னுடையதுதான்.

சார்ஜுக்காகவா வாங்குகிறாய்? 80டி-யில் ஒரு பேட்டரிக்கே 960 படம் என்பது கேனான் சொல்லும் கணக்கு. கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும்போது முழங்கையைத் தூக்காமல் அழுத்த ஒரு பட்டன் கிடைக்கிறதே, அதற்குத்தான் கிரிப். அதை மாட்ட கேமராவின் பேட்டரி மூடியையே கழற்றியாக வேண்டும். அப்புறம் மொத்த மின்சாரமும் கிரிப் வழியாகத்தான் ஏறும். எடை தாங்குவது அடியில் உள்ள ஒரே திருகு. நீ 70-200 லென்ஸ் வேறு மாட்டுகிறாய்.

கேனானின் பிஜி-இ14 இந்த உடம்புக்குச் சரியாகப் பொருந்தும். மற்ற கம்பெனிக் கிரிப்புகளிலும் சில வருஷக்கணக்கில் உழைக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எது உழைக்கும் என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இணைப்பு கொஞ்சம் ஆடி கான்டாக்ட் விட்டால் கேமரா அணைந்துவிடும். கெட்டிமேளம் உனக்காக நிற்காது.

உன் அம்மா கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும். “ரெண்டும் ஒண்ணுதான் மச்சான், பேருக்குத்தான் காசு” என்று, அன்று எரியாமல் போன அந்த மலிவு ஃப்ளாஷை என் கையில் திணித்தது யார் என்பதும் தெரியும். இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா? விசேஷ வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “மச்சான் எடுத்த படம் எங்கே?” என்று என்னையே கேலி பேசுகிறார். பெரியவர், நான் ஒன்றும் சொல்வதில்லை. இந்தக் கிரிப்பை உனக்குக் காட்டியதும் அவர் இல்லையே? சும்மா கேட்கிறேன்.

கை கடித்தால் இந்த சீசனைக் கிரிப் இல்லாமலே ஓட்டு. ஒரிஜினல் பேட்டரி ஒன்றைக் கூடுதலாகப் பையில் போட்டுக்கொள். மட்டமான பேட்டரி உப்பிப்போய் உள்ளே மாட்டிக்கொண்டால் மண்டபத்தில் யாரிடம் போவாய்? கேனான் பெயரில் போலியும் உலவுகிறது; எதை வாங்கினாலும் பில்லோடு வாங்கு.

திட்டுகிறேன் என்று நினைக்காதே, கண்ணு. முகத்தில் வெளிச்சம் எங்கே விழும் என்று உன்னைப்போல் பார்க்கத் தெரிந்தவர் நம் வீட்டில் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். உன் படங்களை ஊரெல்லாம் காட்டித் திரிகிறேன். நீ எந்தக் கிரிப் வாங்கினாலும் எனக்குச் சந்தோஷமே. பாதிப் பணம் மாமா தருகிறேன். ஆனால் அது கேனானுக்கு மட்டும்.

அன்புடன்,
மாமா