தண்ணீரை நிறுத்தலாமா, நாயைத் தடுக்கலாமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துப் பழைய ஃபிளாட்டுகளில் சங்கச் செயலாளர் பதவி பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தலையில்தான் விழும். கணக்கு பைசா பிசகாது. வம்பு வருவதெல்லாம் விதி எழுதும்போதுதான். "பொதுக்குழுவுல எல்லாரும் கை தூக்கிட்டாங்க சார், அப்புறம் என்ன?" என்பார்கள். எத்தனை கை தூக்கினாலும், சட்டம் தடுத்ததைச் சங்கம் செய்ய முடியாது.

முதலில் பைலாவை எடுங்கள். பழைய சங்கங்கள் பலவும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. நகல் தொலைந்திருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் போய், 2022-இல் இயற்றிய புதுச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதையும் பிரதியெடுத்துக் கோப்பில் வையுங்கள். பில்டர் கொடுத்த பைலா பழைய சட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கும்.

அடுத்து, விதியை எழுதும் முன் புகாரை எழுதுங்கள். "லிஃப்டில் நாய் சிறுநீர் கழிக்கிறது, கழுவ ஆளில்லை" என்று எழுதிப் பார்த்தால், "நாய் கூடாது" என்ற விதி தேவையே இல்லை என்பது பாதிப் பேருக்குத் தானாகப் புரியும்.

அதற்கும் மேல் வாதம் தொடர்ந்தால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள். பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் வளர்ப்பு நாயைக் குடியிருப்பில் தடைசெய்யக் கூடாது, லிஃப்டை மறுக்கக் கூடாது என்கிறது அது. அப்படியானால் சங்கம் என்னதான் கேட்கலாம்? மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, பொது இடத்தில் கயிறு, அசுத்தம் செய்தால் உரிமையாளரே சுத்தம் செய்வது. இந்த நான்கையும் எழுதினால் போதும். நாய்க்கென்று தனி மெயின்டெனன்ஸ் வசூலிக்கும் யோசனையை யாராவது கிளப்புவார்கள், அங்கேயே அமர்த்துங்கள்.

தெருநாய் விஷயம் வேறு. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆவது விதி, வளாகத்து நாய்களுக்கு உணவு வைக்கும் இடத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் சங்கத்திடமே விடுகிறது. மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றை விட்டுத் தள்ளி ஓர் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். சோறு வைக்கிற மாமியோடு மல்லுக்கட்டுவதைவிட இது எளிது.

இன்னொரு சறுக்கல், பாக்கி வைத்தவர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவது. வால்வு மொட்டைமாடியில்தானே இருக்கிறது, ஒரு திருப்பு போதும் என்ற ஆசை. செய்யாதீர்கள். உரிமையாளர் நியூஜெர்சியில் இருப்பார். தவிப்பது வாடகைக்கு இருப்பவர். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீட்டுக்காரரோ அவர் சார்பில் வேறொருவரோ தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவரின் குழாயை மூடினாலோ, அவர் தடையாணை வாங்கிவந்து பாக்கியைப் பற்றிய பேச்சையே மாற்றிவிடுவார். பதிவுத் தபாலில் நோட்டீஸ், பைலாவில் உள்ளபடி வட்டி, மசியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். ஆனால் இதையெல்லாம்விட வலுவான ஆயுதம் பொறுமை. என்றைக்காவது அந்த ஃபிளாட் விற்பனைக்கு வரும். விவரம் தெரிந்த வாங்குபவர் சங்கத்தின் நிலுவையின்மைக் கடிதம் கேட்பார். அதுவரை கணக்கை மாதாமாதம் எழுத்தில் அனுப்பிக்கொண்டே இருங்கள்; அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள்.

சைவம் மட்டும், பேச்சிலர் கூடாது போன்றவற்றைச் சங்க விதியில் ஏற்றவே வேண்டாம். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது குழுவின் வேலை இல்லை. சத்தமாக இருக்கிறது என்று புகார் வந்தால் சத்தத்துக்கு மட்டும் விதி எழுதுங்கள். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன.

அவசரம் என்று சொல்லிச் சட்டத்தைத் தாண்டும் இடம் சாக்கடை. அடைப்பு எடுக்க யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி இறக்கியவர்மீது குற்ற வழக்கு வரும். மெட்ரோ வாட்டருக்குச் சொல்லி இயந்திரத்தை வரவழையுங்கள். நாற்றத்தை ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம்.

நிறைவேற்றும் முறைக்கு வருவோம். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போட்டால் தீர்மானம் ஆகாது. எத்தனை தடவை சொன்னாலும் இதை நம்ப மறுக்கிறார்கள். மினிட்ஸில் கையெழுத்து வாங்கி, திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவுசெய்யுங்கள்.

பதிவானதும் விதிகளைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஒட்டுங்கள். கேட்டில் நின்று அவற்றைச் சொல்லப் போகிறவர் அவர்தான். ஒருமுறை படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.