காரணம் சரி, பலன் எங்கே?

அன்புள்ள செழியனுக்கு,

ஒரு மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், அது நோயாளியைக் காப்பாற்றும் என்று நம்பலாம்தானே என்று கேட்டிருந்தாய். நம்பக் கூடாது என்பதே என் பதில். அதற்குத் தைமோசின் ஆல்ஃபா 1 நல்ல சான்று. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்கள் முதிர்கின்றன. 1966இல் ஆலன் கோல்ட்ஸ்டீனும் ஆபிரகாம் வைட்டும் கன்றின் தைமஸிலிருந்து பிரித்த சாற்றுக்குத் தைமோசின் என்று பெயரிட்டார்கள். அதில் கலந்திருந்த பெப்டைடுகளில் ஒன்றான ஆல்ஃபா 1இன் அமைப்பு 1977இல் வெளியானது. மொத்தம் 28 அமினோ அமிலங்கள்தான். அவற்றை வரிசையாக இணைத்து வேதியியல் முறையிலேயே தயாரித்துவிடலாம். இன்று ஊசியாகக் கிடைக்கும் தைமால்ஃபாசின் அப்படித் தயாரானது. அது, கிருமிகளை டி அணுக்களுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் அணுக்களின் ஏற்பிகளைத் தூண்டி டி அணுக்களுக்கு வலுச் சேர்க்கிறது. சில சூழல்களில் மிதமிஞ்சிய அழற்சிக்குக் கடிவாளமும் இடுகிறது.

இப்படிப்பட்ட மருந்து செப்சிஸுக்கு உதவும் என்று எதிர்பார்த்ததில் தவறில்லை. கிருமித்தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி, உறுப்புகள் செயலிழக்கும் நிலை அது. அந்தக் கொந்தளிப்போடு கூடவே பலருக்கு எதிர்ப்பாற்றல் முடங்கியும் போகிறது. முடங்கியதை மீட்டால் உயிர் பிழைப்பார்கள் என்பது நியாயமான ஊகம். சீனாவில் 361 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு அதற்கு வலுவூட்டியது: 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் 26 சதவீதம், பெறாதோரில் 35 சதவீதம். ஆனால் அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வு பெரியதல்ல. யாருக்கு என்ன தரப்படுகிறது என்பதும் முழுமையாக மறைக்கப்படவில்லை. பிறகு, 22 மருத்துவ மையங்களில் 1,106 பேரைச் சேர்த்து, மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி, ஒரு பிரிவினருக்கு மருந்துப்போலி கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் இறப்பு 23.4 சதவீதம், மருந்துப்போலி பெற்றவர்களில் 24.1 சதவீதம். ஒன்பது புள்ளி இடைவெளி ஒரு புள்ளிகூட இல்லாமல் கரைந்துபோனது.

அதே ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பலன் இருப்பதுபோல் தெரிந்ததே என்று நீ மடக்கலாம். தெரிந்தது உண்மை. ஆனால் 60க்குக் கீழே இருந்தவர்களிடம் எண்கள் எதிர்த் திசையில், மருந்துக்குப் பாதகமாக நின்றன. முதலாவதை நம்புகிறவர் இரண்டாவதையும் நம்பியாக வேண்டும். பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுப்பது ஆய்வாகாது. முதியவர்களை மட்டும் வைத்து இன்னொரு சோதனை நடத்த அது காரணமாகலாம், அவர்களுக்கு மருந்து எழுதிக்கொடுக்கக் காரணமாகாது. பல நாடுகள் இந்த மருந்தை அனுமதித்திருக்கின்றனவே என்றால், அந்த அனுமதி பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி போன்ற வேறு நோய்களுக்கானது. கல்லீரலில் நெடுநாள் தங்கும் வைரஸுக்கு எதிரான சான்று, சில நாள்களில் உயிரைப் பறிக்கும் செப்சிஸுக்குச் சான்றாகாது. பக்கவிளைவு குறைவுதானே, கொடுத்துப் பார்த்தால் என்ன என்பது மூன்றாவது வாதம். தீங்கில்லை என்பது வேறு, பயனுண்டு என்பது வேறு. பயனற்ற ஊசிக்கும் பணம் செலவாகும், தீவிர சிகிச்சைப் பிரிவின் நேரமும் செலவாகும்.

அப்படியானால் செயல்முறையை ஆராய்வதே வீண் என்று முடிவுகட்டிவிடாதே. எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்வது அந்த ஆராய்ச்சிதான். சோதனைக்குப் பதிலாக நிற்கும் உரிமை மட்டும் அதற்கு இல்லை. எதிர்ப்பு மண்டலத்தில் ஒன்றைத் தூண்டினால் இன்னொன்று அடங்கக்கூடும். ஒரு கண்ணியைச் சரிசெய்தால் முழுச் சங்கிலியும் சரியாகிவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே, எதிர்ப்பாற்றலைச் சீராக்கும் என்று எந்த மருந்தைப் பற்றி யார் சொன்னாலும் கேள்: எந்த நோய்க்கு, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, இறப்பு குறைந்ததா அல்லது ரத்தப் பரிசோதனை எண் மட்டும் மாறியதா? இந்த நான்குக்கும் விடை கிடைத்த பிறகு அதன் செயல்முறையைப் படித்து வியந்துகொள்ளலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்