வுட்பைன் பீச்சுக்குக் கிளம்பும் முன்

டொராண்டோவின் வுட்பைன் பீச்சில் அலையும் உண்டு, சுடுமணலும் உண்டு. தண்ணீர் மட்டும் ஒன்டாரியோ ஏரியின் நன்னீர். ஜூலையிலும் திடீரென்று சில்லிட்டுப் போகும். வடக்கிலிருந்து பலத்த காற்று அடித்தால், மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் ஏரிக்குள் தள்ளப்பட்டு, அடியாழத்துக் குளிர்நீர் கரையோரம் மேலேறிவிடும். அந்தக் காற்றில் பிள்ளைகளுக்குக் காற்றடைத்த மிதவை வேண்டவே வேண்டாம். ஆளோடு உள்ளே இழுத்துப் போய்விடும்.

கனமழை பெய்திருந்தால் 2 நாள் குளியலைத் தள்ளிப் போடுங்கள். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அது நிரம்பினால் வழிந்து சேரும் இடம் ஏரிதான். கோடையில் மாநகராட்சி தண்ணீரைச் சோதித்து முடிவை இணையத்தில் போடுகிறது. பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாயிறு மதியம் காரை நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. வுட்பைன் சப்வே நிலையத்திலிருந்து 92ஆம் எண் பேருந்து பீச்சருகே இறக்கிவிடும்.

மணலில் நிழல் அரிது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க, மரப்பலகை நடைபாதையில் கிழக்கே நடந்து கியூ கார்டன்ஸ் பூங்காவுக்குப் போய்விடுங்கள். பெரிய மரங்கள் இருக்கின்றன. மணலில் கால் புதைய நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கும் அந்தப் பலகைப் பாதை வசதி. எங்கே உட்கார்ந்தாலும் டப்பாவை மூடியே வையுங்கள், கடற்காகங்களுக்குக் கூச்சம் கிடையாது.