தெருவில் பிடி அரிசி திரட்டும் வழி

உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைப்பதுதான் பிடி அரிசி. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதை வீடுதோறும் வலியுறுத்தினார். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலைக்கு இன்றும் மக்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி முதியோர் இல்லத்துக்கு இதைச் செய்ய முப்பது வீடுகள் போதும். தினம் ஒரு கைப்பிடி, அதற்கு ஐம்பது கிராம் என்றாலும் மாதம் 45 கிலோ சேரும். நாற்பது பேர் உள்ள இல்லத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு ஆறு கிலோ வேண்டும்; ஆக, ஏழு வேளை நிறையும்.

முதலில் இல்லத்துக்குப் போங்கள். அலுவலக அறையில் பேசியதோடு திரும்பிவிடாமல், சமைக்கும் அம்மாவைப் பாருங்கள். எந்த அரிசி, எந்தக் கிழமை, வைக்க இடம் உண்டா என்ற மூன்றையும் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

பலரும் சறுக்குவது கலப்பில். தெருமுனையில் ஒரு டிரம்மை வைத்துவிடுவார்கள். பொன்னி புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் அதில் ஒன்றாக விழும். உலையில் போட்டால் பச்சரிசி குழைந்துபோகும், புழுங்கல் வேகாமல் நிற்கும். பல் இல்லாத பெரியவர்களால் அதை மெல்ல முடியாது. அந்த மூட்டை கஞ்சிக்கோ மாவுக்கோதான் போகும். ஆகவே ஒரே ரகம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வேறு அரிசி சாப்பிடும் வீடுகளில் துவரம்பருப்போ எண்ணெயோ கேளுங்கள். நாலைந்து வீடுகள் பணம் போட்டு ஒரு 26 கிலோ சிப்பமாக வாங்கித் தந்தால் இன்னும் நல்லது.

ரேஷன் அரிசியைத் திரட்டாதீர்கள். மூட்டையாக ஆட்டோவில் ஏற்றினால் கடத்தல் அரிசி என்று பிடிபடும். நல்ல நோக்கத்தை வழியில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ரேஷன் அரிசி மட்டுமே சமைக்கும் வீட்டிலும் கொடுக்கும் ஆசை இருக்கும். பல சமயம் அந்த வீட்டில்தான் ஆசை அதிகம். "அக்கா, அரிசி வேண்டாம், ஒரு உப்புப் பாக்கெட் போதும்" என்று கேளுங்கள். மூட்டை கட்ட ஒரு மணி நேரம் கூட வரச் சொல்லுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி அந்த வாசலைக் கடந்துவிடாதீர்கள்.

அடுத்தது வண்டு. ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தால் அரிசி வண்டு பிடிக்கும், அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். டப்பாவில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைக்கலாம். வசம்பு வேண்டாம், வாசனை சோற்றில் ஏறும். வண்டு வராமலிருக்க போரிக் பவுடர் கலந்து வைக்கும் வீடுகள் உண்டு. அந்த அரிசியை வாங்கவே வாங்காதீர்கள், நோயாளிகளும் சாப்பிடும் சோறு அது.

பணம் தருபவர்கள் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பட்டும், உங்கள் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். வருமான வரிச் சலுகை கேட்பவர்களுக்கு: இல்லத்துக்கு 80ஜி பதிவு இருக்க வேண்டும், அவர்கள் பழைய வரி முறையில் இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கணக்கில் வராது. அரிசி, பருப்பு போன்ற பொருளாகக் கொடுப்பதற்கு இந்தச் சலுகை இல்லை.

ஒப்படைக்கும்போது அங்கேயே எடை போட்டுச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சீட்டின் படம் போதும். பெரியவர்கள் கையில் மூட்டையைக் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் ஒரு வேளைச் சோற்றுக்காகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. தீபாவளி, பொங்கல் நாட்களில் எல்லோரும் கொண்டுவந்து குவிப்பார்கள். உங்கள் மூட்டையைப் பண்டிகை முடிந்து பத்து நாள் கழித்து அனுப்புங்கள்.