கல்திட்டைகளின் கற்கள் பிறந்த இடம்

ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியினர்க்குக் கல் புதிதன்று. இங்கு வெட்டப்படும் கருங்கல் மெருகேறிக் கடல்கடந்து செல்கின்றது. ஆயின், இதே நிலத்தில் பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோர்க்காகப் பெயர்த்தெடுத்த கற்களைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அக்கற்களைக் காண விழைவோர் இவ்விரு நகரங்கட்கும் இடையேயுள்ள மல்லச்சந்திரம் செல்லுதல் வேண்டும்.

அவ்வூர்ப் பாறைக்குன்றின்மேல் கல்திட்டைகள் பல நிற்கின்றன. பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே பெரும்பலகை ஒன்றால் மூடி, ஒரு பக்கப் பலகையில் வட்டமாக இடுதுளை குடைந்துள்ளனர். சிலவற்றின் உள்ளே வெண்ணிற ஓவியங்களும் உள. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்றெல்லாம் இத்தகைய திட்டைகளை மக்கள் வழங்குவர். இத்துணைப் பெரிய பலகைகளைச் சாதாரண மனிதர் எங்கிருந்து கொணர்ந்திருக்க இயலும் என்னும் வியப்பே அப்பெயர்களில் ஒலிக்கின்றது.

கொணரவில்லை என்பதே நிலவியல் தரும் விடை. காலடியிலுள்ள குன்றே பலகைகளை ஈன்றது.

இவ்வட்டாரப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருப்பெற்ற நைசு வகையைச் சார்ந்தது. வெண்மையும் கருமையுமாக அதில் ஓடும் வரிகள் அவ்வரலாற்றின் தடங்களாம். மேலிருந்த பாறைச்சுமை நெடுங்காலம் அரிக்கப்பட்டு நீங்கியபோது, அழுத்தம் தளர்ந்த பாறை விரிந்தது. விரிந்த பாறை தன் மேற்பரப்பிற்கு இணையாக வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பிளந்தது. ஆகவே பலகையின் கனத்தை இயற்கையே அளந்து வைத்திருந்தது எனலாம். அதனை எழுப்ப நெருப்பும் ஆப்பும் போதும். பெங்களூரில் கல்தச்சர் விறகுத்தீயைப் பாறைமேல் மெல்ல நகர்த்திப் பெரும் பலகைகளைப் பிரித்த முறையை வார்த் என்பார் 1895இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்துள்ளார். முற்காலத்தாரும் இவ்வாறே செய்தனர் என்று துணிதற்கில்லை. ஆயினும் பொருந்தாத கருத்தன்று.

இங்கிலாந்தின் சுடோன்கெஞ்சு இதற்கு நேர்மாறானது. அதன் நீலக்கற்கள் ஏறக்குறைய 225 கி.மீ. தொலைவிலுள்ள வேல்சு நாட்டுக் குன்றுகளிலிருந்து வந்தவை. ‘பலிபீடக்கல்’ எனப்படும் ஆறு டன் கல், தொலைவிலுள்ள வடகிழக்கு இசுக்காத்துலாந்தைச் சார்ந்தது என, அதிலுள்ள நுண்மணிகளின் வயதைக் கொண்டு 2024இல் நிறுவினர். கல்லை ஒப்பிட மூலப்பாறை எஞ்சியிருந்தமையாலேயே இது கைகூடிற்று.

நம் கவலையும் ஈண்டே தொடங்குகின்றது. திட்டையைக் காப்போம், பலகை உரிக்கப்பட்ட வெற்றுப்பாறையை யார் காப்பர்? அதில் எஞ்சும் படிவிளிம்புகளும் ஆப்புக்குழிகளும் எந்தப் பலகை எங்குப் பிரிந்தது என்று சொல்லவல்லவை. பார்ப்போர்க்கு அவை வெறும் பாறையே. குவாரிக்காரர்க்கோ விலைபெறும் கல். திட்டைகளைச் சுற்றி வேலியிடுவோர் அப்பாறைச் சரிவையும் வேலிக்குள் கொள்ளுதல் வேண்டும். அதற்கு முதற்படியாக, அங்குச் செல்லும் மாணவர் திட்டைகளை மட்டுமன்றி அச்சரிவின் விளிம்புகளையும் அளந்து வரைந்து வரலாம். ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் போதும்.