கெண்டைக்கால் வலியா, கால் வலியா?

எஸ்.பி.எம். முடித்து தாதியர் படிப்புக்கோ பிசியோதெரபிக்கோ மனுப் போட்டிருக்கும் ஜொகூர் பிள்ளைகளே, முதல் பருவத்தில் உங்களை மிரட்டப்போவது தசை மண்டலம்தான். 600க்கும் மேற்பட்ட தசைகள்; பெயர்கள் பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமும். விடிய விடிய உருப்போட்டால் தேர்வு வரை தாங்கும், வார்டு வரை தாங்காது. பெயரை உடைத்துப் படியுங்கள்.

பைசெப்ஸ் என்றால் இரண்டு தலை. இரண்டு இடத்திலிருந்து கிளம்பும் மேற்கைத் தசை அது. ட்ரைசெப்ஸுக்கு மூன்று, தொடையின் முன்பக்கக் குவாட்ரிசெப்ஸுக்கு நான்கு. 'மயோ' தசை; 'ஆல்ஜியா' வலி; 'ஐட்டிஸ்' அழற்சி. இந்த மூன்றும் தெரிந்தவருக்கு மயால்ஜியாவும் மயோசைட்டிஸும் தனியாகப் படிக்க வேண்டியவை அல்ல. காதை ஏமாற்றும் ஜோடி ஒன்று உண்டு: கையை உடம்பை விட்டு விலக்கினால் அப்டக்‌ஷன், உடம்போடு சேர்த்தால் அட்டக்‌ஷன். அதனால்தான் அனுபவசாலிகள் 'ஏ-பி', 'ஏ-டி' என்று எழுத்துக்கூட்டியே சொல்வார்கள். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

அடுத்து, சொந்த உடம்பில் கைவைத்துப் படியுங்கள். தோளின் மேல்நுனியில் எலும்பு ஒன்று தட்டுப்படுகிறதா? அது அக்ரோமியன். அங்கிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் இறங்கினால் டெல்டாய்டு தசையின் தடித்த பகுதி. பெரியவர்களுக்குத் தடுப்பூசி இறங்கும் இடம் அதுதான். இன்னும் மேலே குத்தினால் தோள்மூட்டு பாதிக்கப்படலாம். கைக்குழந்தைக்கு டெல்டாய்டு போதிய அளவு வளர்ந்திருக்காது. அதனால் தொடையின் வெளிப்பக்கத்து வாஸ்டஸ் லேட்டராலிஸில் போடுவார்கள். புட்டத்தின் பின்புறம் சயாட்டிக் நரம்பு ஓடுவதால் அங்கே ஊசி போடுவதை இப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள்.

தமிழில் படித்தால் புரியுமே என்பவர்களுக்கு ஒரு செய்தி: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இங்கே வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான். ஆனாலும் தமிழை வீட்டில் வைத்துவிட்டு வார்டுக்குப் போகாதீர்கள்.

ஏனென்றால் நோயாளி லத்தீனில் முனகுவதில்லை. பாட்டி "கெண்டைக்கால் பிடிச்சி இழுக்குதும்மா" என்பார். பக்கத்துக் கட்டில் மாச்சேக் அதையே "பெத்திஸ் கெஜாங்" என்பார். மருத்துவர் கோப்பில் எழுதுவது காஸ்ட்ரோக்னீமியஸ். மூன்றும் ஒரே சதை என்று சட்டென்று பிடிப்பவருக்குத்தான் வேலையில் மதிப்பு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு இப்போதே எழுதத் தொடங்குங்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒருவர் காய்ச்சலோடு வருகிறார் என்று வையுங்கள். கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கிறார். அது எலிக்காய்ச்சலுக்கு, மலாயில் 'கென்சிங் தீக்குஸ்' என்பதற்கு, முக்கியமான துப்பு. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீராலும் மண்ணாலும் தொற்றும் இந்த நோயை மலேசியா 2010இல் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. முற்றினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். கோப்பில் 'கால் வலி' என்று மட்டும் எழுதினால் அந்தத் துப்பு மருத்துவரிடம் போய்ச் சேராது. எந்தத் தசை என்று எழுதுங்கள்.