கண்ணாடிக்குள் ஒரு குளம்

மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் குளங்களைச் சென்னிமலைச் சிறுவர் நன்கு அறிவர். ஆண்டு முழுவதும் வற்றாத சிறு குளம் ஒன்றை நாமே வீட்டில் அமைக்கலாம். செடிகள் வளரும் கண்ணாடி மீன்தொட்டியே அக்குளம். அதில் வாழ்வதற்கு ஏற்ற மீன் சிறு கௌராமி.

பிரான்சிசு புக்கானன் என்னும் மருத்துவர் 1800ஆம் ஆண்டில் ஈரோடு, கோயமுத்தூர் வழியாகப் பயணம் செய்து, கொங்கு நாட்டின் உழவையும் நெசவையும் பற்றி எழுதினார். பின்னர் ஹாமில்டன் என்று பெயர் பூண்ட அவரே, 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குள்ளக் கௌராமி, தேன் கௌராமி ஆகிய இரண்டும் அந்நூலில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டன.

இம்மீன்களுக்குச் செவுள்களின் மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. அவை அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து, காற்றை விழுங்கி, அவ்வுறுப்பினால் சுவாசிக்கின்றன. நீரின் மேற்பரப்பை அடைய இயலாவிடில், மீனாயினும் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆகவே, மிதக்கும் செடிகள் நீர்மட்டம் முழுவதையும் மூடிவிடாதவாறு காத்தல் வேண்டும்.

இனித் தொட்டி அமைக்கும் முறையைக் காண்போம். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி போதும். நன்கு கழுவிய மணலை இரண்டு அங்குல உயரத்திற்குப் பரப்புக. பின்புறம் உயர்ந்த செடிகளையும் முன்புறம் குறுகிய செடிகளையும் நடுக. வாலிஸ்னேரியாவும் வேலம்பாசியும் எளிதில் வளர்வன. மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டு நீர் நிரப்பி, மெல்ல இயங்கும் வடிகட்டியைப் பொருத்தி, காற்றுப் புகுமாறு மூடி இடுக. நாள்தோறும் எட்டு மணி நேரம் விளக்கொளி தருக.

அன்றே மீனை விடலாமா? கூடாது. பாவு பூட்டாமல் தறியில் துணி நெய்ய இயலுமா? நீரும் அவ்வாறே முதலில் பக்குவப்படுதல் வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ தீங்கு குறைந்தது, செடிகளுக்கு உரமும் ஆவது. இப்பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை சிறிதளவு மீனுணவை மட்டும் நீரில் இட்டு வருக. பொறாதவன் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மடியும்.

நீர் பக்குவமடைந்த பின், ஓர் ஆணையும் இரு பெண்களையும் விடுக. ஆண் மீன்கள் பல இருப்பின் தமக்குள் போரிடும். ஆண் மீன் நுரைக்குமிழ்களால் நீர்மேல் கூடு கட்டி, முட்டைகளைக் காவல் புரியும் காட்சி கண்டு மகிழத்தக்கது. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. குழாய்நீரில் குளோரின் கலந்திருக்குமாதலால், அதனை ஓரிரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுக. வளர்த்த மீன்களையும் செடிகளையும் ஆறு குளங்களில் ஒருபோதும் விடாதீர்கள்.

மாணவர்களே! சென்னிமலையை அடுத்த ஒரத்துப்பாளையத்தில், நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்திற்காக ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் வந்து தேங்கியது. உழவர்தம் நிலங்களும் கிணறுகளும் கெட்டன. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தொட்டியின் நீர் கெட்டால் ஒரு வாளி கொண்டு மாற்றிவிடலாம். ஆற்றின் நீரை மாற்றுவதற்கு எவரிடமும் வாளி இல்லை. சிறு கௌராமி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.